சுண்டைக்காய் ஏறிய வண்டி

அன்று காலை முதல் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. சரி, நிற்கலாம் என்று எழுந்தால் கை சாக்பீஸை உடைத்தது. காரணம் கோகிலவாணி. இண்டூரிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் பஸ்ஸில் வரும் முதலாமாண்டு மாணவி. கணினி அறிவியல் வேண்டாம், தமிழ்த் துறைக்கு மாறிவிடுகிறேன் என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். துறை மாற அன்றே கடைசி நாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள், அன்றைக்கு மறுபடி திறக்க மாட்டார்கள்.

"தமிழ்ல தப்பா எழுதினாக்கூட முழுசா படிச்சிட்டுத்தான் சார் திட்டுவாங்க. இந்தக் கம்ப்யூட்டரு ஒரு புள்ளிய வுட்டதுக்கு வூடே பத்திக்கிட்டாப்ல செவப்பு செவப்பா காட்டுது. எனக்கு இது வராதுங்க."

கரும்பலகையில் நான் எழுதிய நிரல்கள் எனக்கே சில நாள் வந்ததில்லை, அவளை என்ன சொல்வது? ஆனால் "இது நடக்கலைன்னா என்னங்க சார் ஆவும்?" என்று கேட்பவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். அவளையும் அனுப்பிவிட்டால், எதற்கும் தலையாட்டுகிற மற்றவர்களோடு நான் மூன்று வருடம் எப்படித் தள்ளுவது?

அந்த நேரம் பார்த்து எங்கள் துறைக்கு ஆறு ரோபோக்கள் வந்து இறங்கின. உள்ளங்கை அகலம், இரண்டு சக்கரம், முகத்தில் இரண்டு வட்டக் கண். ஒரு கண் ஒலியை அனுப்பும். எதிரே பட்டுத் திரும்புவதை மற்றது கேட்கும். முன்னால் தடை இருக்கிறதா என்று வண்டிக்கு அப்படித்தான் தெரியும். கணினியில் நிரல் எழுதி ஏற்றினால் எழுதியபடி ஓடும். தப்பாக எழுதினால் சுவரில் முட்டும், சிவப்பாகத் திட்டாது. கோகிலவாணியை இதை வைத்துப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் ஜமீர் குறுக்கே கை நீட்டினான். அரூரில் அவன் அப்பாவுக்குக் காய்கறி மண்டி.

"சார், பூசை போடாமயா எடுக்கறீங்க?"

"இது கம்ப்யூட்டர்டா."

"சக்கரம் இருக்குதில்ல? அப்ப வண்டிதான். மண்டிக்கு ஆட்டோ எடுத்தப்ப, பழம் வெக்காம சாவியத் தொட மாட்டேன்னு எங்க டிரைவரண்ணன் நின்னுட்டாருங்க. அத்தா தானே போயி பழம் வாங்கியாந்தாரு."

வகுப்பே அவன் பக்கம். எலுமிச்சம்பழம் வந்தது. பழம் வண்டியின் சக்கரத்தைவிட உயரம். எல்லோரும் யோசிக்கையில் ஜமீர் சட்டைப் பையிலிருந்து ஒரு கை சுண்டைக்காய் எடுத்தான். "நேத்து எறக்கறப்பவே பெட்டி மேல அளவு பாத்துட்டேன் சார்." சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, வண்டியைத் தள்ளி நசுக்கினோம்.

சந்தனக் கிண்ணம் என்னிடம் வந்தது. "நீங்கதான வண்டிக்காரரு." அறிவியல் மனப்பான்மை பற்றிப் போன வாரம் நீண்ட உரை ஆற்றியவன் நான். ஆனாலும், "நெத்தி எதுப்பா?" என்றுதான் கேட்டேன். முதல் வண்டிக்குக் கட்டைவிரலால் தாராளமாக இட்டேன். கண்றாவியாக இருக்கிறது என்று, மற்றவற்றுக்குப் பிள்ளைகளே தீக்குச்சி நுனியால் இட்டுக்கொண்டார்கள்.

ராசியாக இருக்கட்டும் என்று அந்த முதல் வண்டியைக் கோகிலவாணிக்குக் கொடுத்தேன்.

முன்னால் தடை இருந்தால் நின்று திரும்பு, இல்லையென்றால் நேராகப் போ. இதுதான் பாடம். அவள் எழுதி, ஏற்றி, தரையில் விட்டாள். வண்டி திரும்பியது. மறுபடி திரும்பியது. நின்ற இடத்திலேயே பம்பரம் போல் சுற்றிக்கொண்டிருந்தது. ஜமீரின் வண்டி ஒய்யாரமாகச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது.

நான் அவள் நிரலைப் படித்தேன். தப்பில்லை. வாத்தியார் தப்பில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? இரண்டு வரியை மாற்றினேன். வண்டி இன்னும் வேகமாகச் சுற்றியது.

"வுடுங்க சார். உங்களுக்கு எதுக்கு செரமம்?" அவள் பையைத் தோளில் மாட்டினாள். ஜன்னல் வழியே பார்த்தேன். மணிக் கயிற்றருகே பியூன் வந்துவிட்டார்.

போகிறவள் வாசலில் நின்றாள். வண்டியையே பார்த்தாள்.

"இது எதையோ பாத்து பயப்படுது சார்."

"முன்னாடி ஒண்ணுமில்லயேம்மா."

"நமக்கு இல்ல. இதுக்கு இருக்குது." திரும்பி வந்தாள். "ஜமீரு, உன் வண்டியக் குடு."

"ஏன், என்னுதுக்கும் கிறுக்குப் புடிக்கணுமா?"

"குடுடா, பேசாத."

நான் மாற்றிய வரிகளை அழித்தாள். தன் பழைய நிரலை அவன் வண்டியில் ஏற்றினாள். அது நேராகப் போனது, பெஞ்சுக் காலருகே நின்றது, திரும்பியது.

"அப்ப நான் எழுதினது சரிதான்," என்றாள், யாரிடமோ கோபம் போல.

சுற்றிக்கொண்டிருந்த வண்டியைத் தூக்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள். ஒரு கண் முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றி நோண்ட ஆரம்பித்தாள்.

"யாரு வெச்ச பொட்டு சார் இது?" என்றான் ஜமீர், உலகமே அறிந்ததை அறியாதவன் போல. நான் கட்டைவிரலைச் சட்டைப் பையில் ஒளித்தேன்.

நேரமாவதைச் சொல்லாமல் இருந்துவிடலாம். மணி அடித்துவிடும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அது திருட்டு. "கோகிலா, ஆபீஸ் பூட்டப் போறாங்கம்மா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.

"தெரியுங்க சார்." தன் நிரலை அதில் மறுபடி ஏற்றி, வண்டியைத் தரையில் விட்டாள்.

இந்த முறை அது நேராக ஓடியது. கதவைத் தாண்டி, வராந்தாவில் இறங்கி, அலுவலகத்தை நோக்கியே போனது. அவள் பின்னால் ஓடினாள். அவள் பின்னால் நான், எனக்குப் பின்னால் வகுப்பு. மணி அடித்தது. கிளார்க் சவுரியப்பன் ஒரு கையில் பூட்டும் மறு கையில் டிபன் கேரியருமாக வெளியே வந்தார். வண்டி அவர் செருப்புக்குச் சற்று முன்னால் நின்றது. யோசித்தது. திரும்பியது.

"துறை மாத்தணும்னு நேத்து கேட்டயேம்மா? போடறதுன்னா இப்பவே கையெழுத்துப் போடு, பூட்டப் போறேன்."

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். வந்த வழியே ஓடும் வண்டியைப் பார்த்தாள்.

"பூட்டிக்கங்க சார்," என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். "சார், திரும்பறப்ப எடப்பக்கம் இழுக்குது, பாருங்க! இது ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கால் ஆட்டம் மட்டும் நின்றிருந்தது.

"சுண்டைக்கா தோலு சிக்கியிருக்கும்," என்றான் ஜமீர். "அடுத்த தடவ பூசைக்கு நீங்க தள்ளி நில்லுங்க சார்."