வெளிநாட்டுக் கீரை

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மாத்திரை. உடம்புக்கு நல்லது எதுவானாலும் அது குப்பியில் அடைபட்டு, வெளிநாட்டு முத்திரையோடு, யானை விலைக்கு வந்தால்தான் மனிதர் நம்புவார். அப்படிப்பட்டவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவளுக்கோ தரைக்கீரை மேல் பித்து. எங்கே போய்ச் சொல்ல!

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், குழாயடி ஈரத்தில், சிவந்த தண்டும் தடித்த குட்டி இலையுமாக அது பாட்டுக்குப் படர்ந்து கிடந்தது. விதைத்தவர் யாருமில்லை. செல்களை அரிக்கும் வேண்டாத மூலக்கூறுகளை மடக்கிப் போடும் சத்து, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட், அதில் ஏராளம் என்று காட்ட வேண்டும். வயிற்றுச் சூட்டுக்கும் சொறிக்கும் ஜனங்கள் அதைத் தின்றுவந்தது சும்மா இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இதுதான் அவள் ஆசை. மாத்திரையோ, "கால்ல மிதிபடறதெல்லாம் ஒரு சப்ஜெக்டாம்மா?" என்று திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இன்று மதியம்தான் கடைசி வாய்ப்பு. அவர் மசியாவிட்டால் படிப்பு முடியும்வரை அவருடைய மாத்திரைகளையே இடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

காலையில் கீரை பறிக்கப் போனவளுக்குப் பகீரென்றது. தரை மொட்டையாகக் கிடந்தது.

"அண்ணே, இங்க இருந்த கீரை எங்க?"

"அது களைம்மா. சார் நேத்து எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டேன்," என்றார் தோட்டக்காரர்.

"குப்பையிலயா போட்டீங்க?"

"ஐயய்ய, ஏன் போடறேன்? சார் வீட்டம்மாவுக்குத்தான் குடுத்தேன். எப்பவும் அவங்கதான் வாங்கிக்குவாங்க." குரலைத் தாழ்த்தினார். "சார்கிட்ட மூச்சு விட்டுடாத. வெளிநாட்டுக் கீரைன்னு சொல்லித்தான் அவருக்குப் போடறாங்களாம்."

அழப்போனவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

மதியம், ஊதாக் கரைசல் நிரப்பிய சோதனைக் குழாய்களோடு மாத்திரையின் அறைக்குள் நுழைந்தாள். ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் அந்த ஊதா மஞ்சளாகிவிடும். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்.

"எங்கம்மா உன் களை?"

"யாரோ பிடுங்கிட்டாங்க சார்."

"நல்லதாப் போச்சு. இந்த வயசுலயும் என் முகத்துல எப்படிக் களை சொட்டுது பாரு! எல்லாம் இந்த மாத்திரையும், வீட்டுல வாங்கற வெளிநாட்டுக் கீரையும்தான்."

"ஆமா சார், களையேதான்," என்றாள் அவள், பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ரெண்டையும் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?"

அவருக்குக் குஷி. ஒரு குழாயில் மாத்திரையை முழுசாகப் போட்டார். இன்னொன்றில் அவள் டப்பாவிலிருந்த கீரையைப் பிழிந்து சாற்றை விட்டாள். மாத்திரையைப் பொடித்துப் போட்டிருக்க வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால்தானே! மாத்திரை அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கீரை விட்ட குழாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா வெளுத்து மஞ்சளாகிவிட்டது.

"இதுதாம்மா ஆராய்ச்சி!" என்று துள்ளினார் மாத்திரை. "தலைப்பை மாத்து, இப்பவே கையெழுத்துப் போடறேன்." ஒரு கையில் பேனாவை எடுத்துக்கொண்டு, மறுகையால் மனைவிக்குப் போன் போட்டார். பெருமையை மாணவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு.

"இந்தக் கீரையை எந்தக் கடையில வாங்கறே? என் ஸ்டூடண்ட் இதுலதான் டாக்டரேட் பண்ணப்போறா. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டுட்டிருக்கேன்."

ஸ்பீக்கரில் மனைவியின் குரல் கணீரென்று வந்தது.

"அந்தக் கடையைத்தான் நேத்து ஆள வெச்சுப் பிடுங்கிட்டீங்களே."

பேனா அந்தரத்தில் நின்றது. மாத்திரை ஜன்னல் வழியாக மொட்டைத் தரையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், கடைசியில் இவளைப் பார்த்தார். முகம் இறுகிப்போயிற்று. பேனாவை மெல்ல மூடத் தொடங்கினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

"என்னங்க, போட்டாச்சா கையெழுத்து?" என்றது போன். "போடலேன்னா சொல்லுங்க. நாளையிலேருந்து டப்பாவுல மாத்திரையே வெச்சு அனுப்பறேன். எனக்கும் அடுப்பு வேலை மிச்சம்."

மாத்திரை பேனாவை மறுபடி திறந்தார். தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"தலைப்புல தரைக்கீரைன்னு மட்டும் எழுதித் தொலைக்காத," என்றார், அடுத்த வாய் கீரையை அள்ளிக்கொண்டே. "லத்தீன்ல எழுதும்மா."