வைஃபைக்கு ஊட்டிய நாசி லெமாக்

காரைப் பூட்டினால் லோஷினிக்குப் போதாது. திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தால்தான் நிம்மதி. பகலில் தெப்ராவில் தொழிற்சாலை வேலை, மாலையில் ஸ்கூடாயில் லினக்ஸ் வகுப்பு. இன்று கடைசித் தேர்வு. தேறினால்தான் மென்பொருள் பிரிவுக்கு மாற்றுவார்கள்.

கருவிகள் இயங்க ஃபர்ம்வேர் என்றொரு கோப்பு வேண்டும். லினக்ஸின் மையமான கர்னல் அதைச் சரியாகத் தேடி எடுக்கிறதா என்று சோதிக்க, கட்டளைகள் எழுதும் ஷெல்லில் உதவி ஃபங்ஷன்கள் எழுத வேண்டும். லோஷினியின் ஃபங்ஷன் ஒரு தற்காலிக ஃபோல்டர் உண்டாக்கி, முதலில் அங்கே தேடும்படி கர்னலிடம் சொல்லும். உள்ளே ஒரு போலிக் கோப்பு. அதில் ‘நாசி லெமாக்’ என்று, காரச் சம்பலோடு சாப்பிடும் தேங்காய்ப்பால் சோற்றின் பெயர் மட்டும் இருக்கும். பெயராவது உண்மையாக இருக்கட்டுமே என்று வைஃபை ஃபர்ம்வேரின் பெயரையே வைத்திருந்தாள்.

கடைசி ஃபங்ஷன் எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி ஆக்கும். வேறு எதையாவது அழித்துத் தொலைத்தால்? அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டு, கணினி அதைக் கண்டுகொள்ளாதபடி தூங்க வைத்துவிட்டாள்.

ஆசிரியர் யஹ்யாவின் மடிக்கணினியில் ஓட்டினாள். கர்னல் நாசி லெமாக்கைச் சரியாக எடுத்து வந்தது.

“நல்லா இருக்கும்மா. எட்டு மணிக்குள்ள மார்க்கை ஏத்தணும், இல்லேன்னா அடுத்த பேட்ச்தான்,” என்று அவர் வைஃபை ஸ்டிக்கைச் செருகினார். விளக்கு எரியவில்லை. பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினார்.

“அதுக்கு வயசாயிடுச்சு சார்,” என்றான் பக்கத்து இருக்கை ரூபேந்திரன்.

நாம்தான் காரணமோ என்று லோஷினிக்குத் தோன்றியது. போன வாரம் ஸ்கூடாய் முழுக்கக் கரண்ட் போனபோதும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் கர்னல் பதிவைத் திறந்து பார்த்தாள். ஸ்டிக்குக்கான கோப்பை அவளுடைய தற்காலிக ஃபோல்டரிலிருந்து எடுத்ததாக அதில் இருந்தது.

“சார், அது நாசி லெமாக் சாப்பிட்டிருக்கு.”

“யாரும்மா?”

“வைஃபை.”

“அலமாக், அடக் கடவுளே! சம்பல் பத்தலையாம் லா,” என்றான் ரூபேந்திரன்.

லோஷினி #ஐ எடுத்தாள். “அழிக்கவா சார்?”

“அழிம்மா.”

“இதைத்தானே?”

“அதைத்தான்.”

“உறுதியா...”

ரூபேந்திரன் கையை நீட்டி எண்டரைத் தட்டினான். யஹ்யா ஸ்டிக்கைப் பிடுங்கிச் செருக, பச்சை விளக்கு எரிந்தது. எட்டு மணி அடிக்குமுன் மார்க் ஏறியது. அவர் மடிக்கணினியை மூடினார்.

“ஏறிடுச்சான்னு ஒரு தடவை திறந்து பாக்கலாமா சார்?” என்றாள் லோஷினி.

ரூபேந்திரன் தன் பையைத் தூக்கி மடிக்கணினி மேல் வைத்தான்.