கறுக்காத இலை

டைபாய்டு காய்ச்சல் அமிர்தத்தை விட்டுப் போகும்போது பாதி முடியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. சீப்பை எடுத்தாலே அவளுக்குக் கண் கலங்கியது. தாராசுரத்தில் தங்கை மகள் வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. புருஷன் பரணிதரனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காமல், கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

கரிசலாங்கண்ணியை அவர் கூட்டு வைத்துத் தின்றிருக்கிறாரே தவிர, செடியாகப் பார்த்து அடையாளம் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து வரப்பில் நடக்கிற ஆளுக்கு ஒரு பூண்டு தெரியாது என்றால் யார் மதிப்பார்கள்? அதனால் தெரிந்த மாதிரியே நடந்துகொண்டார். மனிதருக்கு அது ஒன்றுதான் கைவந்த கலை.

ஆயில் இன்ஜின் கொட்டகைக்குப் பக்கத்து மேட்டில் வெள்ளை இதழோடு நின்றதை ஒரு கூடை பிடுங்கி வந்தார். அமிர்தம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இது வெட்டுக்காயப் பூண்டு மாதிரில்ல இருக்கு? காம்பு இவ்ளோ நீளமா வந்து உச்சியில ஒத்தப் பூ நிக்குது. கரிசலாங்கண்ணிப் பூ இலைக்கிட்டயே ஒட்டிக்கிட்டுல்ல இருக்கும்?"

பரணிதரனுக்குச் சுருக்கென்றது. "கரிசலாங்கண்ணின்னா கசக்குனா கறுக்கும். பாத்துக்க," என்று நாலு இலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். கை கருகருவென்று ஆனது. அவருக்கே ஆச்சரியம்தான், காட்டிக்கொள்ளவில்லை. அமிர்தம் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்க. காய்ச்சுங்க," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வாசல் வெயிலில் அவளை உட்காரவைத்து அவரே தேய்த்துவிட்டார். நாளாவட்டத்தில் காதோரம் புதுமுடி அரும்பியது. அப்புறம் பரணிதரனைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் உரத் தட்டுப்பாடு பேசியவர்களை நிறுத்தி, மயிர்க்காலைப் பற்றி விளக்கினார்.

பக்கத்து வீட்டு ஆமினா தனக்கும் அந்த எண்ணெய் வேண்டுமென்று கேட்டாள். அன்று கும்பகோணத்தில் கல்யாண வீட்டில் காலைப் பலகாரம் சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்திருந்தார் பரணிதரன். அதே மேட்டுக்கு அவளைக் கூட்டிப்போய், அதே இலையைப் பறித்துக் கசக்கிக் காட்டினார். கை பச்சையாகவே இருந்தது.

"கறுக்கலையே அண்ணே."

"கறுக்கும்மா. வெயில் ஏறட்டும்."

வெயில் உச்சிக்கே வந்துவிட்டது. கை கறுக்கவில்லை, முகம்தான் கறுத்தது. அப்போதுதான் உறைத்தது. அமிர்தத்துக்கு இலை கசக்கிக் காட்டிய அன்று அவர் இன்ஜினைப் பிரித்து மாட்டிவிட்டு, வாய்க்காலில் ஒப்புக்குக் கையை அலசிக்கொண்டு வந்தவர். அந்தக் கிரீஸ் கையில் மல்லிகைப் பூவைத் தேய்த்திருந்தாலும் கறுத்திருக்கும். பெரிய வைத்தியன்! அவருக்கு அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இப்போதுதான் அவள் மறுபடி கண்ணாடி பார்க்கிறாள். பூண்டு தப்பு என்று தெரிந்தால் அந்த நம்பிக்கையும் போய்விடுமே.

வாய்க்காலோரச் சேற்றில் இறங்கினார். குறுகல் இலை, குட்டிக் காம்பு, இலையிடுக்கில் பொடிப் பூ. கசக்கிவிட்டுக் காத்திருந்தார். மெல்ல மெல்லக் கை கறுத்தது. அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

அமிர்தம் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். கையில டீசல் வாடை தூக்குச்சு."

"பின்ன ஏன்டி தேய்ச்சுக்கிட்ட?"

"காய்ச்சல்ல கொட்டுன முடி தானா வளரும்னு டாக்டர் சொன்னாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க எனக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டது இப்பத்தான். அதை எதுக்குக் கெடுத்துக்கணும்?"

பரணிதரன் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார். அவள் அவர் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க."

சோப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். கறுப்பு போகவில்லை.

"இது கரிசலாங்கண்ணிச் சாறு அமிர்தம். சத்தியமா."

"ஆமா ஆமா," என்றாள் அவள். "இன்ஜின் மறுபடி நின்னுபோச்சாக்கும்."