நடமாடும் கதவு

போன வாரம் தெருவைப் பார்த்திருந்த பாரின் கதவு, இன்று காலை பின்சந்துக்குக் குடிபோயிருந்தது. பழைய வாசல் இருந்த இடத்தில் ஈரம் காயாத சிமெண்ட் பூச்சு.

லைசென்ஸ் ஆபீசருக்குத் தலை கிறுகிறுத்தது. போன மாதம்தான் சட்டத்தை இறுக்கியிருந்தார்கள். பள்ளி வாசலிலிருந்து நடந்துபோகும் வழி நூறு மீட்டருக்குக் குறைந்தால் பாருக்கு லைசென்ஸ் இல்லை. தெருப்பக்க வாசலுக்கு எண்பதுதான் வந்தது. மனுஷன் கதவையே பெயர்த்து எடுத்துப் போய்விட்டான்.

"நல்லா அளங்க மேடம்," என்றார் பார் முதலாளி, பல் குத்தியபடி. "குறைஞ்சா நானே பூட்டிடறேன்."

அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பள்ளி வாசலில் ஆரம்பித்தாள். அங்கே ஒற்றைச் செருப்போடு ஒருத்தன் மல்லாந்து கிடந்தான். பிள்ளைகள் அவனைப் பள்ளம் மாதிரி தாண்டிப் போனார்கள். தெருமுனை, திருப்பம், சந்து. நூற்றி முப்பது.

கையெழுத்துப் போட்டால் லைசென்ஸை மூன்று வருஷத்துக்கு யாரும் அசைக்க முடியாது. போடாமலிருக்கவும் வழியில்லை.

"இந்த வருஷமே பாதிப் பிள்ளைங்க வேற ஸ்கூலுக்குப் போயாச்சு," என்றாள் பின்னாலேயே வந்த தலைமையாசிரியை. "இன்னும் மூணு வருஷம்னா நான் பெஞ்சுக்குத்தான் பாடம் நடத்தணும்."

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க டீச்சர்? கதவுக்குக் கால் முளைச்சா நான் என்ன செய்ய?"

"சட்டத்துல பள்ளி வாசல்னா எது?"

"பிள்ளைங்க வந்து போற எந்த வாசலும்."

தலைமையாசிரியை விறுவிறுவென்று பள்ளிக்குள் போனாள். சற்று நேரத்தில் பள்ளியின் சந்துப் பக்கத்துச் சுவரில் டமார் டமார் என்று சத்தம். செடி மண்டிக் கிடந்த இரும்பு கேட்டின் துருப்பிடித்த பூட்டு தெறித்து விழுந்தது. மணி அடித்தது. மதிய இடைவேளைக்குப் பிள்ளைகள் அந்த வழியாகத் திமுதிமுவென்று வந்தார்கள், நேரே பார் கதவின் எதிரே.

"குடிகாரங்க மடியிலேயே கொண்டுவந்து விடறீங்களே டீச்சர்."

"முன்னாடி மட்டும் என்ன வாழுது? அளங்கம்மா."

சக்கரம் பதினொன்றில் நின்றது.

முதலாளியின் வாயிலிருந்த குச்சி நழுவியது. "அநியாயம் மேடம். இந்த கேட் நேத்து இல்ல."

"உங்க கதவும்தான் போன வாரம் இல்ல."

லைசென்ஸ் ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள். அவர் அதை வாங்கவே இல்லை. கட்டிடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். மாடிப்படி ஏறுனா, அதுவும் நடக்கற தூரத்துல சேருமா?"

மடக்கிய சக்கரத்தை அவள் மறுபடி விரித்தாள்.