நோரல் சர்ச்சில் அன்று இருந்தவர்கள்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் தொடங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். ஆர்டித் ப்ரூயட் என் தலையில் கட்டிய வேலையில்தான் தொடங்கியது. மிசௌரியின் தெற்கு மூலையில் கிடக்கும் எங்கள் நோரலுக்கு மேயர் கிடையாது, மன்றம் கிடையாது, எல்லைக்கோடுகூடக் கிடையாது. அதனால் ஆவணமும் கிடையாது; ஊர் சொல்வதுதான் வரலாறு. மாவட்ட வரலாற்று நூலுக்காக அதை எழுதப் பொறுப்பேற்றவர் எழுபத்தொன்பது வயது மூதாட்டி ஆர்டித். தட்டச்சு செய்ய நான். இங்கே குடிவந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்னும் புது ஆள்தான்.

2

முதல் தொடக்கம்: 1949 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை, தபால் நிலையமும் சேர்ந்திருந்த டெல்மர் காக்ஸின் கடை எரிந்தபோது ஊரே சர்ச்சில்...

வேண்டாம். இந்த வாக்கியத்தை நான் நம்பவில்லை. சர்ச் கூரையை எந்த வருடம் மாற்றினார்கள் என்பதில்கூட ஒத்துப்போகாத ஆறு குடும்பங்கள், இதை மட்டும் வரி பிசகாமல் எழுதி அனுப்பியிருக்கின்றன. ஊரே சர்ச்சில் இருந்தது. வெளியே இருந்தவர் டெல்மர் ஒருவர்தான். ஆகவே காப்பீட்டுக்காகக் கடையை அவரே கொளுத்தினார். அந்தப் பழியோடு ஊரைவிட்டுப் போனவர், அதோடே செத்தார்.

[தபால் நிலையத்தை அவர் நெடுஞ்சாலைப் பக்கம் மாற்றப்போகிறார், ஊருக்கென்று இருந்த ஒரே அடையாளமான அதோடு நோரல் என்ற பெயரே போய்விடும் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்ததை ஆறு பேரில் ஒருவரும் எழுதவில்லை. எரித்ததால், அந்தச் சொல்லை அடித்துவிடுகிறேன், எரிந்ததால் தபால் நிலையம் எப்படியும் போயிற்று.]

முதியோர் இல்லத்தில் இருக்கும் டெல்மரின் மகள் லூசில் கேட்பது ஒரே ஒரு வரி: அப்பா கொளுத்தவில்லை.

3

இப்போது புகைப்படம். கடை எரிந்த அன்று ஆராதனையில் ஒரு குழந்தையை ஆசீர்வதித்தபோது எடுத்தது. பின்புறம் தேதி இருக்கிறது. குழந்தைக்கு மேலே, சுவரில், ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் வருகைப் பலகை. இன்று 9. போன வாரம் 43. (இந்த எண் எனக்கு ரொம்ப வசதியாக இருந்ததால் என்மேலேயே சந்தேகம் வந்து, பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை பார்த்தேன். ஒன்பதுதான்.)

ஆர்டித் படத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைத் தேடினார்.

"மேல் பக்கத்த வெட்டிடு. கொழந்த மட்டும் தெரிஞ்சா போதும்."

ஏன் என்று கேட்டேன்.

"பலகையில நம்பர் மாட்டறது என் வேலை. அப்ப எனக்கு ஒம்பது வயசு. ஆராதனை முடிஞ்சப்புறம் அப்பா வெளியிலேர்ந்து வந்தாரு. கையெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். நாப்பத்திமூணுன்னு மாத்தும்மான்னாரு. மாத்திட்டேன். அதுக்குள்ள போட்டோ எடுத்தாச்சுன்னு அவருக்குத் தெரியாது."

பிறகு என்னை முறைத்தார். "அப்பா நல்ல மனுஷன். அதையும் எழுதுவியா நீ?"

4

முடிவுகள்.

அ. படம் முழுதாக வருகிறது. ஆர்டித்தோடு இனி ஊரில் யாரும் பேசுவதில்லை.

ஆ. வெட்டுகிறோம். ஆறு குடும்பங்களும்...

இ. இதெல்லாம் வெறும் கதை என்று சொல்லி நான் நழுவுகிறேன். இப்போது செய்துகொண்டிருப்பது அதுதான். வெட்கமாக இருக்கிறது.

பக்கம் நாளை அச்சுக்குப் போகிறது. கத்தரிக்கோல் படத்தின்மேல் கிடக்கிறது. தொலைபேசி அடிக்கிறது, லூசில்தான், எண்பத்திரண்டு வயது, எழுதியாயிற்றா என்று கேட்பார். ஆர்டித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் எடுக்கப்போவதில்லை.

நீங்கள் எடுங்கள்.