எந்தப் பக்கம் திரும்புவது

ஆலை மூடிய அன்று முற்பகலில் வீடு திரும்பிய ஃபிட்டர், கூடத்துக்குள் எடுத்து வைத்த வலது பாதத்தைத் தரையில் ஊன்றாமலே நின்றுவிட்டார். அதை அவர் ஊன்றுவதற்குள் மகள் பள்ளி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, கைக்குழந்தைக்காரியும் ஆகிவிட்டாள். வேலை நாளில் அந்த நேரத்து வீட்டை அவர் பார்த்ததே இல்லை. சுவரில் வெயில் விழுந்திருந்தது, வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது, அவர் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. மூச்சு வந்தது; தாடி வளரவில்லை, பசிக்கவும் இல்லை. மச்சானும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். கிணற்றைத் தூக்குவதுபோல் இருந்தது. டாக்டர் அதிர்ச்சி என்றார், மச்சான் பிரமை என்றான். ஃபிட்டரின் மனைவி இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை.

"அதிர்ச்சின்னா ஒரு உலுக்கு உலுக்கிட்டுப் போயிடும், டாக்டர். பிரமைன்னா இல்லாதது தெரியும். இவருக்கு இருக்கிறதெல்லாம் தெரியுது, எந்தப் பக்கம் திரும்புறதுன்னுதான் தெரியல. இது திகைப்பு."

டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டு போனார். அதன்பின் அந்தத் தெருவில் யாரும் அந்தச் சொல்லைச் சும்மா எடுப்பதில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் 'முழிச்சேன்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஃபிட்டரின் மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைக்கப் போனாள். முதலில் சில மாதம் மாலையில் வந்து அவரிடம் அழுதாள், பிறகு பேசினாள், பிறகு முகத்தை மட்டும் துடைத்துவிட்டாள். மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், சம்பந்திக்குப் பேச்சு கொஞ்சம் குறைவுபோல என்று திருப்தியோடு போனார்கள். மகள் போனபின் அவள் தனியாகச் சாப்பிட்டாள்.

ஒருநாள் அந்தக் கம்பெனியும் பூட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தவளுக்கு அடுப்பைப் பற்றவைப்பதா, படுப்பதா என்று விளங்கவில்லை. கூடத்தில் இடம் ஒன்றுதான் இருந்தது, அதில் அவர் நின்றிருந்தார்.

"ஏங்க, எத்தனை வருஷம்தான் நீங்களே நிப்பீங்க? நகருங்க. இன்னைக்கு நான் நிக்கணும்."

ஃபிட்டரின் பாதம் தரையைத் தொட்டது.

"நான் என்ன பண்ணணும்?" என்றார். குரல் கரகரத்தது.

"பால் இல்ல. வாங்கிட்டு வாங்க."

பாலோடு திரும்பியபோது, தோளில் பையோடு, இடது பாதம் தூக்கியபடி அவள் நின்றிருந்தாள். பையை மெல்லக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வந்த மகள் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"இப்ப அம்மாவா?"

"ஆமாம்மா. ரொம்பக் களைச்சுட்டா," என்றார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பா.

குழந்தையை அவர் மடியில் விட்டு, அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, மிச்ச வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தாள்.