பூவாடைக்காரி வளைவு

அந்த வளைவில் எந்த டிரைவரும் பிரேக்கை மிதிப்பதில்லை. கும்பிடுவார்கள். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் சேர்த்து, கண்ணைக்கூட ஒரு விநாடி மூடி, பயபக்தியாகக் கும்பிடுவார்கள். வண்டி பாட்டுக்கு ஓடும். நாற்பது மைல் வேகத்தில் வந்தவன் நாற்பது மைல் வேகத்திலேயே போவான். கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறக்கும்போது எதிரே ஒரு கரும்பு வண்டி இருந்தால் அது அந்த வண்டிக்காரனுடைய தலையெழுத்து.

இதைத் தினம் இரண்டு வேளை பார்த்துப் பார்த்து அமிர்தத்துக்கு வயிறு எரிந்தது. காலையில் பீங்கான் கம்பெனிக்குப் போகும்போது ஒரு தரம், சாயங்காலம் திரும்பும்போது ஒரு தரம். எரியாமல் என்ன செய்யும்? அவர்கள் கும்பிட்டது அவள் பெற்ற மகளை.

விருத்தாசலத்திலிருந்து மேற்கே போகும் அந்தச் சேலம் ரோட்டை ரோடு என்று சொல்லவே வாய் கூசும். நடுவில் ஒரு பஸ் போகிற அகலத்துக்குத் தார். ஓரமெல்லாம் எலி கடித்த ரொட்டி மாதிரி பிய்ந்து கிடக்கும். தாரை விட்டு இறங்கினால் அரையடிப் பள்ளம், அதற்கப்பால் செம்மண். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். பஸ்காரன் லாரிக்கு இறங்க மாட்டான், லாரிக்காரன் பஸ்ஸுக்கு இறங்க மாட்டான். சைக்கிள்காரனும் மாட்டு வண்டியும் நடந்து போகிற ஜனங்களும் எல்லாருக்கும் இறங்க வேண்டும். வளைவில் இரண்டு புளியமரங்கள் வேறு எதிரே வருவதை மறைத்துக்கொண்டு நின்றன. ஒரு போர்டு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. அமிர்தம் குடியிருந்த தெரு ரோட்டுக்கு இந்தப் பக்கம், கம்பெனி அந்தப் பக்கம், ஓடையைத் தாண்டப் பாலம் இருந்த இடமோ அந்த வளைவு. ஆக, வேலைக்குப் போகிற பெண்களுக்கு வேறு வழியே இல்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், காலை எட்டு மணிக்கு, அமிர்தத்தின் பெரிய மகள் அம்புஜவல்லி அந்த இடத்தில் ரோட்டைக் கடந்தாள். பத்தொன்பது வயசு. ஜங்ஷனில் பாசஞ்சர் ரயில் வந்து நிற்பதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் ஆள் கிடைக்கும் என்று பச்சை பஸ் பறந்து வந்தது. முன்னால் போன கரும்பு வண்டியை வளைவிலேயே ஒதுக்கித் தாண்டியது. அவ்வளவுதான். பின்னால் பத்தடி தூரத்தில் தூக்குச்சட்டியோடு வந்துகொண்டிருந்த அமிர்தம் எல்லாவற்றையும் பார்த்தாள்.

டிரைவர் அர்ச்சுனன் தப்பித்துக்கொண்டான். பஸ்ஸில் பிரேக் பிடிக்கவில்லை, அவன் என்ன செய்வான் என்று கேஸ் முடிந்தது. பிரேக் பிடிக்காத பஸ் அன்றைக்கு எப்படி ஜங்ஷனில் போய் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. அமிர்தம் கேட்டாள். புருஷனை எப்போதோ பறிகொடுத்துவிட்டு, கம்பெனியில் கூலிக்குப் போகிற பொம்பளை கேட்டால் யார் காதில் விழும்? மூன்றாம் மாதம் அதே அர்ச்சுனன் அதே பச்சை பஸ்ஸை அதே ரோட்டில் ஓட்டினான்.

அமிர்தத்துக்குக் கம்பெனியில் பொம்மைப் பகுதியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளில் தையல் மாதிரி ஒரு கோடு இருக்கும். அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். அம்புஜமும் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் செய்தாள். அவள் கடைசியாகத் துடைத்து வைத்த பொம்மை, குடம் இடுப்பில் வைத்த பெண், முழங்கை உயரம், சூளையில் கோணிப்போய்க் கழிசலில் விழுந்தது. அமிர்தம் அதை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, வளைவில் மகள் விழுந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் வைத்தாள். சாமி கும்பிட வைக்கவில்லை. வெள்ளை வெளேரென்று ஏதாவது கண்ணில் பட்டால் டிரைவர்கள் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார்கள் என்று வைத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பக்கத்தில் டீக்கடை போட்டிருந்த பாவாடை என்பவர் முதல் ஆடி வெள்ளியில் பொம்மைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். கன்னியாகப் போனவள், பூவாடைக்காரியாக வந்து நிற்கிறாள் என்றார். பூவாடைக்காரி என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமா? அற்பாயுசில் போன பெண், பூவும் புடவையும் வைத்துக் கும்பிட்டால் காப்பாற்றுவாள், மறந்தால் கேட்பாள். அடுத்த வருஷம் கீற்றுக் கொட்டகை வந்தது. அதற்கடுத்த வருஷம் ஓடு. சேலம் வரைக்கும் போகிற லாரிக்காரனுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. மூன்று ஹாரன், ஒரு கும்பிடு, ஜன்னல் வழியாக விட்டெறிந்த ஒரு காசு. அப்புறம் மகராசி பார்த்துக்கொள்வாள்.

மகராசி பார்த்துக்கொண்ட லட்சணத்தில் நாலு வருஷத்தில் இன்னும் மூன்று பேர் அங்கே செத்தார்கள்.

"ஆத்தா காவு கேட்டுட்டா," என்றார் பாவாடை.

"எம் பொண்ணு காவு கேட்டாளா? கோழி அறுக்கறதப் பாத்தாலே கண்ணப் பொத்திக்குவாளே! ஒங்க டிரைவரு கண்ண மூடிக்கிட்டு ஓட்டுறான், பழிய எம் பொண்ணு தலையில போடுறீங்களே, பாவாடண்ணே, இது அடுக்குமா?" என்று அமிர்தம் கேட்டாள்.

"தாயா இருந்தாலும் சாமியப் பத்தி இப்படிப் பேசக்கூடாதும்மா. கன்னத்துல போட்டுக்க," என்றார் அவர்.

எழுபத்து நாலு தை மாதம். சின்ன மகள் விருத்தாம்பாளுக்குப் பதினேழு நடந்தது. அவளும் கம்பெனிக்கு வர ஆரம்பித்தாள். அமிர்தம் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வளைவைத் தாண்டுவாள். தனக்கு உடம்புக்கு முடியாத அன்று விருத்தாம்பாள் தனியாகப் போனால், கம்பெனிச் சங்கு ஊதி அவள் திரும்பி வரும்வரை அமிர்தத்துக்கு ஒரு வாய் கஞ்சி இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் ரோட்டு ஓவர்சியர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். சங்கிலி பிடித்து அளந்தார். வளைவை நிமிர்த்தி, ரோட்டை அகலமாக்கி, ஓடைக்கு நேராகப் பாலம் கட்ட மேலே உத்தரவாகியிருந்தது. அமிர்தத்துக்குக் காதில் தேன் பாய்ந்தது. அவர் காலில் விழாத குறை.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா புது ரோடு இந்தக் கோயில் மேலதான் போவுது. இதை எடுத்தாத்தான் வேலை," என்றார் ஓவர்சியர்.

"எடுத்துடுங்க சார். நான் வச்சதுதான் அது."

ஊர் கூடிவிட்டது. பாவாடை முன்னால் நின்றார். பச்சை பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு அர்ச்சுனனும் இறங்கி வந்தான். நெற்றி நிறையக் குங்குமம்.

"இத எடுத்தா இந்த ரோட்டுல ஒரு வண்டி ஓடாது சார். எங்க உயிருக்கு அவதான் காவல்," என்றான்.

"அது கழிசல் பொம்மைங்க! கம்பெனியில தூக்கிப் போட்டது! நான் எடுத்தாந்து வச்சேன்!" என்று அமிர்தம் கத்தினாள்.

"நீ பெத்த, இல்லங்கல," என்றார் பாவாடை. "அப்ப அவ ஒம் பொண்ணு. இப்ப ஊருக்குப் பொது. ஒனக்குப் பாத்தியத இல்ல."

ஓவர்சியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். நீங்களா எடுத்து வச்சா சரி. இல்லன்னா இந்தப் பணம் வேற ரோட்டுக்குப் போயிடும். எனக்கு எதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஓவர்சியரின் ஜீப் நின்றது. ஆட்கள் சங்கிலியோடு காத்திருந்தார்கள். பாவாடை கடைக்குப் பின்னால் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அமிர்தம் நேரே கோயிலுக்குள் போனாள். பொம்மைமேல் நாலு வருஷத்து எண்ணெயும் மஞ்சளும் கெட்டிப்பட்டுக் கிடந்தது. முகம் எது மூக்கு எது என்று தெரியவில்லை. கல்லிலிருந்து பெயர்த்து, குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா, அடிப்பாங்க," என்றாள் கூடவே வந்த விருத்தாம்பாள்.

"அடிக்கட்டும். அந்தாண்ட கொண்டுபோயி அந்த சாருகிட்ட குடுத்துடுறேன். வாடி."

இரண்டு பேரும் தாரில் கால் வைத்தார்கள். பாதி ரோடு தாண்டவில்லை. புளியமரத்துக்குப் பின்னாலிருந்து மூன்று ஹாரன் கேட்டது. பச்சை பஸ், ஒரு கரும்பு வண்டியை ஒதுக்கிக்கொண்டு, ரோட்டின் தப்பான பக்கத்தில், அதே வேகத்தில் வந்தது. அமிர்தம் மகளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். அவளுக்கு நகர நேரமில்லை. பொம்மையை இறுக்கிக்கொண்டு நின்ற இடத்தில் நின்றாள்.

கும்பிடக் கையைத் தூக்கிய அர்ச்சுனன் பூவாடைக்காரியை நடு ரோட்டில் பார்த்தான்.

டயர் தேய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. பஸ்ஸுக்குள் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அலறினார்கள். அமிர்தம் கண்ணைத் திறந்தபோது இரண்டு முழம் முன்னால் பஸ்ஸின் முகம் நின்றுகொண்டிருந்தது.

அர்ச்சுனன் குதித்து ஓடிவந்தான். "யம்மா! சாமி கையில இருக்குது! ஒடஞ்சிருந்தா என்னா ஆவறது? எங் குடும்பமே வெளங்காம போயிருக்குமே!"

அமிர்தம் அவனைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. "பிரேக்கு புடிச்சிதா?" என்று கேட்டாள்.

"என்னாம்மா?"

"பிரேக்கு. புடிச்சிதான்னு கேட்டேன்."

"அதெல்லாம் நல்லாப் புடிக்குதும்மா," என்றவன், சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று விளங்கி, வாயை மூடிக்கொண்டான்.

"அதே பஸ்ஸுதானேடா? அதே நீதானே? ஒரு பொம்மைக்குப் புடிக்கிற பிரேக்கு எம் பொண்ணுக்குப் புடிக்கலையாடா, பாவி?"

அதற்குள் பாவாடை ஓடிவந்து பொம்மையைப் பிடுங்கிக்கொண்டார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் தெருக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். கை ஒடிந்ததா, குடம் உடைந்ததா, விரல் எல்லாம் இருக்கிறதா என்று ஆளாளுக்குத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை என்றதும் ஒரு கிழவி குலவையிட்டாள். ஓடும் பஸ்ஸையே நிறுத்திவிட்டாளே, இவளல்லவா சாமி என்று ஒருவன் தரையில் விழுந்து கும்பிட்டான். அரையடிப் பள்ளத்தில் விழுந்து கிடந்த விருத்தாம்பாளுக்கு முழங்கால் பிய்ந்து ரத்தம் கணுக்கால்வரை வழிந்துகொண்டிருந்தது. அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளாகவே எழுந்து நின்றுகொண்டாள்.

மேளத்தோடு பொம்மையைப் பழைய கல்லில் வைத்தார்கள். ஓவர்சியர் அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். ஜீப் கிளம்பும்போது அவரும் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். அதை அமிர்தம் பார்த்தாள்.

அன்று வேலை முடிந்ததும் அமிர்தம் சூளைக்குப் பின்னாலிருந்த கழிசல் மேட்டில் ஏறித் தேடினாள். கழுத்து கோணிய ஒரு பொம்மை கிடைத்தது. கைக்கு அடக்கமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, மஞ்சள் பூசி, பெரிய பொட்டாகக் குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றினாள்.

மறுநாள் காலை அதை விருத்தாம்பாள் கையில் கொடுத்தாள். "இத மார்மேல, ரோட்டப் பாக்க வச்சிப் புடிச்சிக்க. நான் வந்தாலும் வராட்டியும் இது இல்லாம தார்ல கால வைக்காத."

"எல்லாரும் சிரிப்பாங்கம்மா. எனக்கு வெக்கமா இருக்குது."

"சிரிக்கட்டும். ஒன்னப் பாத்து எவனும் நிறுத்த மாட்டான். இதப் பாத்தா நிறுத்துவான்."

விருத்தாம்பாள் பொம்மையை மார்போடு பிடித்துக்கொண்டு, காயம்பட்ட காலை இழுத்து இழுத்து ரோட்டில் இறங்கினாள். மூன்று ஹாரன் கேட்டது. பச்சை பஸ் வளைவில் திரும்பியது. பிரேக் கிறீச்சிட்டது. பத்தடி தூரத்திலேயே, சாதுவாக, பஸ் நின்றது. அர்ச்சுனன் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தான். பெண் நிதானமாக அந்தக் கரை போய்ச் சேர்ந்தாள்.

அமிர்தம் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள். காலிலிருந்து உச்சிவரை ஒரு எரிச்சல் ஏறியது. இவ்வளவு சுலபமா? கழிசல் மேட்டில் அந்த வருஷமும் பொம்மைகள் குவிந்துதானே கிடந்தன? எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிய அம்புஜத்தின் கையில் ஒன்றை எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லையே என்று, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.